சுக்கு ஏன் குரைத்தது

முருங்கைக்கீரை ஆய்வதில் ஒரு வசதி, கைக்கு வேலை இருக்கும், மூளைக்கு இருக்காது. அந்த வசதியை நம்பித்தான் திலகவதி மத்தியானப் பாத்திரங்களை ஒழித்துப் போட்டுவிட்டு, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்தாள். ஆனால் வேலை இல்லாத மூளை போட்ட இடத்தில் கிடக்கிற ஜாதியா, அது எழுந்து நேரே கூடத்துக்குப் போய்விட்டது. கூடத்தில் அவள் கணவர் அம்பலவாணன் ஒயர் நாற்காலியில் சாய்ந்தபடி கண்ணயர்ந்திருந்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது, காலடியில் சுக்கு படுத்திருந்தது. நாய்க்கு அந்தப் பேரை வைத்ததும் அவர்தான். லால்குடிப் பக்கம் உரக்கடை ஒன்றின் வாசலில் குட்டியாகக் கிடந்ததைப் பைக்குள் போட்டு ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கு, "நெறத்தைப் பாரு திலகம், அப்படியே காஞ்ச சுக்கு" என்று சிரித்தார், அவள் இதுக்கு யாரு சோறு போடறது என்று சண்டை பிடித்தாள், பிடித்துவிட்டு அவளேதான் பாலில் சோற்றைக் கரைத்து வைத்தாள். இன்றைக்கு நாலு மணிக்கு மேல் முசிறியிலிருந்து லோடு ஆட்டோ வரும். சுக்கைக் கொண்டுபோய் வாழைத்தோப்பில் காவலுக்குக் கட்டிவிடுவார்கள். ஏற்பாடு முழுக்க வடிவு அண்ணியுடையது, அவருடைய அக்கா, ஒன்றை ஏற்பாடு செய்வது என்று இறங்கிவிட்டால் எமனே வந்து கேட்டாலும் நேரத்தை மாற்ற மாட்டாள். "எங்கப்பாவுக்கு வச்ச சோத்தைத் தொடவிடாம வெரட்டின நாயி, அதை நடு வீட்டுல படுக்க வச்சிருக்கீங்களே, நல்லதா சொல்லு" என்று போனில் கேட்டாள். அப்போது திலகவதி, ஆமாம் அண்ணி, என்றாள். அந்த ஆமாம் எப்படித்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்ததோ.

ஆடி அமாவாசை. அன்றைக்கு விடியற்காலையிலேயே அவர் காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குப் போய் முழுகி, அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் விட்டுவிட்டு, ஈர வேட்டியோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வெறும் வயிறு. அமாவாசை என்றால் காலைப் பலகாரம் கிடையாது, ஒரே சாப்பாடுதான், அதுவும் காக்காய் எடுத்த பிறகுதான். சமையல் ஆகிவிட்டதா என்று கேட்டார், ஆச்சு, இலை போட வேண்டியதுதான், என்றாள், சரி என்று பிரிட்ஜைத் திறந்து சர்க்கரைக்குப் போடுகிற ஊசியை எடுத்துத் தொடையில் போட்டுக்கொண்டார், எத்தனையோ வருஷப் பழக்கம், ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும், அது அவளுக்கும் தெரியும், பல் விளக்குகிற மாதிரி தெரிந்த விஷயம். இரண்டு பேரும் மாடிக்குப் போனார்கள், பின்னாலேயே சுக்கும் ஏறி வந்தது. இலைத்துண்டில் சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, வடை, பாயசம், எல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்துத் தண்ணீர் சுற்றி, கா கா என்று கூப்பிட்டார். பக்கத்து மாடியிலும் கா கா, எதிர் மாடியிலும் கா கா, உறையூர் முழுக்க அன்றைக்குக் காக்காய்க்கு இருந்த கிராக்கி கல்யாணச் சந்தையில் மாப்பிள்ளைக்குக்கூட இருந்திருக்காது. எல்லாம் ஏற்கெனவே நாலு வீட்டுப் பாயசம் குடித்து வயிறு முட்டி எங்கேயோ உட்கார்ந்திருந்தன. ஒன்றே ஒன்று வந்து சுவரோரம் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது, அப்போதுதான் சுக்கு குரைத்தது. காக்காயைப் பார்த்தா குரைத்தது? இதுதான் இத்தனை நாளாக அவளுக்குப் பிடிபடவில்லை. அது அவர் முன்னால் நின்றுகொண்டு, அவர் முகத்தைப் பார்த்துக் குரைத்தது, வேட்டி நுனியைப் பல்லால் பற்றி இழுத்தது, உள்ளங்கையை நக்கி நக்கிப் பார்த்தது. காக்காய் பறந்துவிட்டது. திலகவதிக்கு வந்தது பாரு ஒரு கோபம், போன வருஷம் இதே நாளில் அவர் பசி தாங்க மாட்டாரே என்று காக்காய் தொடுவதற்கு முன்னால் பரிமாறிவிட்டாள், அது எப்படியோ அண்ணி காதுக்குப் போய், எங்கப்பா பட்டினியாத் திரும்பிப் போனாரு, என்று வருஷம் பூரா கல்யாணம் காதுகுத்து எல்லா இடத்திலும் சொல்லிச் சொல்லி அழுதாள். இந்தத் தடவை அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கப் போவதில்லை, அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை, பக்திகூட இல்லை. சுக்கின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு வந்து குளியலறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். அது கதவைப் பிறாண்டியது, அப்புறம் ஊளையிட்டது. நல்ல நாளும் அதுவுமா ஊளை, என்று திட்டிக்கொண்டே மறுபடியும் மாடிப்படி ஏறினாள்.

ஏறினாள், அப்புறம் அவர் தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். இல்லை, அப்படி இல்லை, நடுவில் ஒன்று இருக்கிறது, ஏறினதற்கும் விழுந்ததற்கும் நடுவில், அந்த இடம் வரும்போதெல்லாம் அவள் விரல் காம்பைக் கீரையோடு சேர்த்துக் கிள்ளிவிடுகிறது. முறத்தில் பார்த்தால் பாதி காம்புதான். பொறுக்கி எடுத்து எறிந்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தாள். ஏறினாள், விழுந்து கிடந்தார், உடம்பெல்லாம் வேர்வை, சட்டை இல்லாத முதுகில் மாடித் தரையின் மணல் ஒட்டியிருந்தது, எதிர் வீட்டுப் பையன்கள் ஓடி வந்து தூக்கினார்கள், ஆட்டோ, ஆஸ்பத்திரி, கையில் குளுக்கோஸ். கண் திறக்க மறுநாள் ஆயிற்று. அந்த டாக்டர் வயதானவர், பேச்சில் அவசரமே கிடையாது, அண்ணி பக்கத்தில் நின்றிருக்கும்போது கேட்டார், "விழறதுக்கு முன்னாடி ஏதாவது சொன்னாராம்மா? கை நடுங்குது, பசிக்குது, படபடன்னு வருதுன்னு ஏதாவது?" அண்ணி அவள் வாயைப் பார்த்தாள். திலகவதி, "ஒண்ணும் சொல்லலைங்க. நல்லாத்தான் நின்னுக்கிட்டு இருந்தாரு" என்றாள். டாக்டர் தலையை ஆட்டினார். அப்படியானால் சர்க்கரை இறங்குவது இவர் உடம்புக்கே தெரிவதில்லை, சில பேருக்கு அந்த எச்சரிக்கை மழுங்கிவிடும், இனிமேல் தனியாக எங்கேயும் அனுப்பாதீர்கள், வண்டி ஓட்டவே கூடாது, என்றார். ஒரு பொய் இவ்வளவு தூரம் நடந்து போகும் என்று யார் கண்டது. ஏதோ அந்த நிமிஷத்துக்கு, அண்ணியின் கண்ணிலிருந்து தப்பிக்கிற அளவுக்கு ஒன்று சொன்னாள், அது போய் அவர் ஸ்கூட்டரைப் பிடுங்கிவிட்டது.

அந்தப் பெரிய டாக்டரோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. சாயங்காலம் சின்ன டாக்டர் ஒருத்தி வந்தாள், பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி இருந்தாள், அவருடைய வேட்டியில் ஒட்டியிருந்த பழுப்பு முடியைப் பார்த்துவிட்டு, "வீட்டுல நாய் வளர்க்கறீங்களா ஆன்ட்டி? அது அன்னிக்கு ஏதும் வித்தியாசமா பண்ணுச்சா? சில நாய்ங்க சுகர் இறங்கறதை மோப்பம் புடிச்சு முன்னாடியே கத்துமாம், நான் படிச்சிருக்கேன்" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டுவிட்டுப் போனாள். அவள் போய்விட்டாள், கேள்வி போகவில்லை, மீன் முள் மாதிரி தொண்டையிலேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து திலகவதி சுக்கை உளவு பார்க்கிறாள். பலூன்காரன் வந்தால் குரைக்கிறது. குக்கர் விசில் அடித்தால் குரைக்கிறது. பக்கத்து வீட்டு டிவியில் யாராவது அழுதால் குரைக்கிறது. இப்படி எதற்கெடுத்தாலும் கத்துகிற நாய் அன்றைக்குக் கத்தியதில் என்ன அர்த்தம் இருக்கும், காக்காயைப் பார்த்தது, கத்தியது, முடிந்தது கதை. இப்படி நினைக்கும்போது அவளுக்கு மூச்சு கொஞ்சம் இலேசாக வரும். வந்த கையோடு இன்னொன்றும் வரும், அவள் தம்பி செத்துப்போன செய்தி போனில் வந்த அன்றைக்கு, அவள் அழவே ஆரம்பிக்கவில்லை, போனைக் காதிலிருந்து எடுக்கக்கூட இல்லை, சுக்கு வந்து முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு நகராமல் நின்றது, அதற்கு யார் சொன்னார்கள்? அவளுக்குக் காய்ச்சல் வருவதற்கு முதல் நாள் ராத்திரி கட்டிலுக்கு அடியில் வந்து படுத்துக்கொள்ளுமே, அது எப்படி? வேர்வையில் வாசனை மாறுமாம். பயத்துக்கு ஒரு வாசனை இருக்கிறதாம். அப்படியானால் பொய்க்கும் ஒன்று இருக்குமோ, ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு வந்ததிலிருந்து சுக்கு அவளிடம் வருவதில்லை, சோற்றை வைத்தால் அவள் நகர்ந்த பிறகுதான் வாய் வைக்கிறது. குளியலறையில் போட்டு அடைத்தால் எந்த நாய்தான் ஒட்டும், அதற்குப் போய் இவ்வளவு யோசிப்பானேன், என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். நாய்க்குத் தெரியாது. தெரியாது என்றால் அவள்மேல் குற்றம் இல்லை, காக்காயை விரட்டிய நாயைக் கட்டிப்போட்டாள், எந்த வீட்டிலும் செய்வதுதான். தெரியும் என்றால், அவர் உயிரைக் காப்பாற்ற வந்ததை அவளே உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள். அதனால் அதற்குத் தெரியக் கூடாது. முசிறிக்குப் போய்விட்டால் தெரியுமா தெரியாதா என்ற பேச்சே இல்லை.

நாற்காலியில் அவர் கொஞ்சம் அசைந்தார், கை தானாக நாற்காலியின் விளிம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டது, தூக்கத்தில்கூட விழுந்துவிடுவோம் என்று ஒரு பயம். மனுஷன் எப்படி இருந்தவர். காலையில் டிபன் டப்பாவோடு கிளம்பினால் லால்குடி, புள்ளம்பாடி, மண்ணச்சநல்லூர், ஒவ்வொரு ஊரிலும் உரக்கடைக்காரர்களோடு டீ குடித்து, ஆர்டர் எடுத்து, ஊர்ப் பஞ்சாயத்து பேசி, இருட்டின பிறகு வந்து அந்தக் கதையெல்லாம் அவளிடம் அளப்பார், அவள் உம் உம் என்று கொட்டிக்கொண்டே வேறு எதையோ நினைத்துக்கொண்டிருப்பாள். இப்போது குளிக்கும்போது கதவைச் சாத்துவதில்லை. தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போவதென்றாலும், "திலகம், நீ சும்மாதானே இருக்கே, வாயேன்" என்று கூப்பிடுகிறார், பயம் என்று சொல்ல வெட்கம். ஸ்கூட்டருக்குப் பழைய போர்வையைப் போட்டு மூடி வைத்திருக்கிறார். அவர் ஆர்டர் எடுத்துக் கொடுத்த உர ஏஜென்சியில் நல்ல முதலாளிதான், கணக்குப் பார்க்க வாங்களேன் என்றார், இவர் வேண்டாம் என்றுவிட்டார், அங்கே உட்கார்ந்திருக்கும்போது இறங்கிவிட்டால் என்று. தன் உடம்பு தன்னிடம் பேசாமல் போய்விட்டது என்று நம்பிவிட்டார். தினமும் ஒரு தடவையாவது கேட்பார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், வேறு ஏதோ கேட்கிற மாதிரி, "ஏன் திலகம், அன்னிக்கு நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லலையா?" ஆற்றிலிருந்து திரும்பி வந்து ஸ்கூட்டரை நிறுத்தியது வரைக்கும்தான் அவருக்கு ஞாபகம், அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. அவளும் தினமும் ஒரு தடவை சொல்வாள், "இல்லீங்க." முதல் தடவை சொன்னபோது நாக்கு ஒட்டிக்கொண்டது, இப்போது சர்க்கரை போடாத காபி கலக்குகிற மாதிரி பழகிவிட்டது. சுக்குக்குத் தெரியுமா தெரியாதா என்று இவ்வளவு யோசிக்கிறவள் இதை ஏன் யோசிப்பதில்லை என்று யாராவது கேட்டால்? யாரும் கேட்க மாட்டார்கள், அதுதான் சங்கடம்.

சுக்கு எழுந்து நின்றது. எழுந்து அவர் தொங்கவிட்டிருந்த கையை முகர்ந்தது, முகர்ந்துவிட்டு ஒரு சின்ன முனகல், தொண்டைக்குள்ளேயே. திலகவதியின் விரல் கீரையில் நின்றுவிட்டது. வெளியே போக வேண்டியிருக்கும், அதற்கு. இன்னொரு முனகல். கையை நக்கியது, பின்னால் நகர்ந்து அவர் முகத்தைப் பார்த்தது, பிறகு திரும்பி, இத்தனை நாளுக்கப்புறம் முதல் தடவையாக, நேராக அவளைப் பார்த்தது. எழுந்திரு, என்று அவளுக்குள் ஒன்று சொன்னது. சொன்னதே தவிர உடம்பு எழவில்லை. மெஷின் அலமாரியில் இருக்கிறது, விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், எண் வந்துவிடும். எண் குறைந்திருந்தால் சுக்குக்குத் தெரியும் என்று ஆகிவிடும், அன்றைக்கும் தெரிந்துதான் கத்தியது என்று ஆகிவிடும். பார்க்காவிட்டால் ஒன்றும் ஆகாது. அவர் தூங்குகிறார், அவ்வளவுதான், மத்தியானச் சாப்பாட்டைக்கூட நன்றாகத்தான் சாப்பிட்டார், இரண்டாம் தடவை ரசம் கேட்டாரே. நெற்றியில் அது வேர்வையா, ஜன்னல் வெளிச்சமா. லோடு ஆட்டோ இப்போது வந்தால் தேவலை, வந்து ஹாரன் அடித்தால் எழுந்து போய்விடலாம். சுக்கு குரைத்தது, ஒரே ஒரு குரைப்பு. அவள் முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, தான் இங்கே நிரபராதியாக இருப்பதற்காக அங்கே அவரைச் சாகவிட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்பது. முறம் கவிழ்ந்தது, கீரை தரையெல்லாம் சிதறியது, அதை மிதித்துக்கொண்டு ஓடினாள்.

அவசரத்தில் ஊசி முதல் தடவை சரியாகக் குத்தவில்லை, இரண்டாம் தடவை குத்தினாள். அவர் திடுக்கிட்டு விழித்தார். மெஷின் யோசித்துக்கொண்டிருந்தது. நூற்றுப் பதினெட்டு. கண்ணாடி போடாத கண்ணுக்கு அது சரியாகத் தெரியவில்லையோ என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், நூற்றுப் பதினெட்டுதான், இதைவிட நல்ல எண் அந்த வீட்டில் வந்ததில்லை. சுக்கு வாசல் கதவண்டை போய் நின்று வாலை ஆட்டியது. வெளியே போகத்தான் கேட்டிருக்கிறது. அதற்கு ஒன்றும் தெரியாது, எந்த மோப்பமும் இல்லை, அன்றைக்குக் காக்காயைப் பார்த்துத்தான் குரைத்தது. இதோ, விடுதலை. அவள் எதிர்பார்த்தபடியே வந்துவிட்டது, ஆனால் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்குகிற வழியைக் காணோம், ஏனென்றால் நாய்க்குத் தெரியாமல் போனால் என்ன, அன்றைக்கு அவளிடம் சொன்னது நாயா? மாடிப்படி ஏறினதற்கும் விழுந்ததற்கும் நடுவில் இருந்த அந்த இடம் இப்போது தாண்டிப் போக முடியாமல் நட்டநடுவில் நின்றது. அவருக்கு வாய் இருந்தது, வாய் திறந்து அவர் பேசியிருந்தார். மோப்பம் பிடித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே அவளுக்கு இருக்கவில்லை.

"என்ன திலகம், எறங்கிருச்சா?" அவர் நாற்காலியின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். முகம் வெளுத்திருந்தது. "எனக்கு ஒண்ணுமே தெரியலையே. சும்மா தூங்கிக்கிட்டுத்தான் இருந்தேன், ஒண்ணுமே தெரியலையே."

"எறங்கலை. நல்லாத்தான் இருக்கு, பாருங்க."

அவர் பார்த்தார், பார்த்தும் பயம் போகவில்லை. "இப்ப இருக்கு. எறங்கும்போது எனக்குத் தெரியாதே. நீ தூங்கற நேரத்துல எறங்கினா?" என்று சொல்லிவிட்டு, அவள் எதிரில் அழுதுவிடக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்தப் பக்கத்து ஊர்களையெல்லாம் ஒற்றை ஸ்கூட்டரில் சுற்றி வந்த மனுஷன். வெளியே தெருமுனையில் லோடு ஆட்டோ திரும்புகிற சத்தம் கேட்டது, சுக்கு காதைத் தூக்கியது. திலகவதி தரையில், அவர் காலடியில், சுக்கு படுத்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள். "அன்னிக்கு நீங்க சொன்னீங்க. டாக்டர்கிட்ட நான் பொய் சொல்லிட்டேன். நீங்க சொன்னீங்க."

அவர் திரும்பினார். "என்ன சொன்னேன்?"

"கை நடுங்குதுன்னு."

"நானா?"

"நீங்கதான். முன்கூட்டியே, நல்லாத் தெளிவா."

அவர் தன் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்துக்கொண்டார். அவளைத் திட்டுவார் என்று இருந்தாள், எழுந்து போய்விடுவார் என்று இருந்தாள். அவர் முகத்தில் வந்தது வேறு. இத்தனை நாளாக அந்த வீட்டில் யாரும் பார்க்காத சிரிப்பு, முதலில் உதட்டில், அப்புறம் கண்ணில். "அப்ப எனக்குத் தெரிஞ்சிருக்கு!" என்றார். "அப்ப எனக்கு ஒண்ணும் ஆகலை திலகம், எறங்கறது எனக்குத் தெரியுது, நானே சொல்லியிருக்கேன் பாரேன்!" பரீட்சையில் தேறிவிட்ட பிள்ளை மாதிரி அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். கோபமாவது அவளைக் கொஞ்சம் தாங்கியிருக்கும், இந்தச் சந்தோஷம் தாங்கவில்லை. அது அவருடையது, அத்தனையும் அவருடையது, அவள்தான் எடுத்து ஒளித்து வைத்திருந்தாள். வாசலில் ஹாரன் அடித்தது. சுக்கு குரைத்தது.

"சுக்கை அனுப்ப வேண்டாம்" என்றாள்.

"அதை யாரு அனுப்பறது, நான் போய்ச் சொல்றேன் இரு" என்று அவர் எழுந்தார், அவள் கையைத் தேடாமல் தானாகவே எழுந்து இரண்டு எட்டு வைத்தார், பிறகு மனசு கேட்காமல் திரும்பினார், நல்ல சேதியை இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளலாம் என்கிற மாதிரி. "நான் சொன்ன மாதிரியே சொல்லு. என்னன்னு சொன்னேன், அப்படியே சொல்லு."

"'திலகம், கை நடுங்குது, ஒரு வாய் சோறு போடேன்'னு சொன்னீங்க."

அவர் அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தலையை ஆட்டினார், ஆமாம், நான் இப்படித்தான் சொல்லுவேன், என்பது போல. சிரிப்பு இன்னும் முகத்தில் இருக்கும்போதே கேட்டார்.

"அதுக்கு நீ என்ன சொன்னே?"

"காக்கா வரட்டும்னு சொன்னேன்" என்றாள் திலகவதி.